ஒரே வரிக்காரர்

"எல்லாருக்கும் சேத்து ஒரே வணக்கம். பிரிச்சு எடுத்துக்குங்க."

இப்படிச் சொல்லிக்கொண்டுதான் அவர் உள்ளே வருவார். உள்ளே நான்கு கணினிகள், அவற்றின் முன்னால் மூன்று பேர், மேசைக்குப் பின்னால் நான். பிரித்தால் ஆளுக்குக் கால் வணக்கம். எனக்கு வந்து சேர்ந்த கால் வணக்கங்களை இத்தனை காலம் கழித்து ஒட்டிப் பார்க்கிறேன். ஒரு மனிதர் முழுசாக நிற்கிறார்.

போர்ட் பிளேரின் பத்துபஸ்தியில், விமான நிலையச் சுவரை ஒட்டி, நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. சுனாமி போய் நாலைந்து வருடம் ஆகியிருந்தது. காலை விமானங்கள் இறங்கும்போது என் மானிட்டர்கள் நான்கும் சேர்ந்து நடுங்கும். வாடிக்கையாளர்கள் எரிச்சலாவார்கள். அவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து ரசிப்பார். "பாத்தியா தங்கச்சி, ஒவ்வொண்ணா நடுங்கல. எல்லாம் ஒரே நேரத்துல. அதுதான் ஒழுங்கு."

ஒவ்வொன்றாக என்ற சொல்லே அவருக்கு ஆகாது. அந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுளித்து, பல்லில் கல் கடித்தவர்போல நாக்கைத் துழாவுவார். ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கினால் அத்தனையையும் முதலில் உரித்து வரிசையாக வைத்துவிட்டுத்தான் தின்பார். ஈ மொய்க்கும். பரவாயில்லை. பேனா வாங்கினால் ஐந்து. ஐந்தும் ஒரே மாதத்தில் எழுதாமல் போய்விடும். ஐந்தையும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என்னிடம் பேனா கேட்பார். நாள்காட்டியில் தாளைத் தினம் கிழிப்பது அவருக்கு வேலையற்ற வேலை. மாதம் பிறந்ததும் அந்த மாதத்துக் கடைசித் தாள் தவிர மற்ற அத்தனையையும் ஒரே இழுப்பில் கிழித்துவிடுவார். "எப்பிடியும் கிழிக்கத்தானே போறோம்." அதனால் அவர் வீட்டுச் சுவரில் எப்போதும் மாதக்கடைசிதான். மாதக்கடைசிக்குரிய கவலையும் முதல் தேதியிலிருந்தே அவர் முகத்தில் இருந்தது.

வேலை, படகு டிக்கெட் கவுண்டரில். தீவுகளுக்குப் போகிற படகுகள். சுனாமிக்குப் பிறகு மறுவாழ்வு என்று கொடுத்த வேலை. அங்கே வரிசை என்றால் என்னவென்று போர்ட் பிளேர்க்காரர்களுக்குத் தெரியும்: விடிவதற்குள் வந்து, கல்லை வைத்து, செருப்பை வைத்து, பிறகு ஆளே வந்து நிற்பது. அந்த வரிசையை அவர் ஒருநாள் கலைத்தார். கதவைத் திறந்து வெளியே வந்து, எல்லாப் படிவங்களையும் ஒரே கட்டாக வாங்கிக்கொண்டார். ஹேவ்லாக் போகிறவர்கள் இடது பக்கம், நீல் போகிறவர்கள் வலது பக்கம், ரங்கத் போகிறவர்கள் நடுவில் என்று கையால் கூட்டத்தை வகுந்தார். உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் டிக்கெட்டுகளை மூன்று கட்டாகக் கொண்டுவந்து, மூன்று கூட்டத்துக்கும் தலா ஒரு கட்டு கொடுத்தார். எல்லாருக்கும் டிக்கெட் கிடைத்தது. எண்ணிக்கையும் சரி. ஆனால் யாருக்கு யாருடையது என்பதை அவர் அவர்களிடமே விட்டுவிட்டார். அன்றைய ஹேவ்லாக் படகில் ஒரு வங்காளி மாப்பிள்ளை ஒரு தெலுங்குப் பாட்டியம்மாவின் பக்கத்திலும், அவனுடைய புது மனைவி ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஒருவர் பக்கத்திலும் உட்கார்ந்து தேனிலவு போனார்கள். மாப்பிள்ளையின் மாமனார் பெரிய இடம். அந்தப் புகாரில்தான் இவர் லாங் ஐலண்டுக்கு மாற்றப்பட்டார். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

ஜே என்று ஒரு கணினி மொழி இருக்கிறது. பெயரே ஒரே எழுத்து. அதை அவர்தான் எனக்குச் சொன்னார். எனக்குப் பாடம் எடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. பக்கத்தில் இருப்பவரிடம் தன் ரத்த அழுத்தத்தைச் சொல்வதுபோல அதைச் சொல்லிக்கொண்டேயிருந்தார். மற்ற மொழிகளில் கணினியிடம் முதல் எண்ணை எடு, இதைச் செய், அடுத்த எண்ணை எடு, அதையே செய், முடியும்வரை செய் என்று குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி சொல்ல வேண்டும். இதில் அப்படி இல்லை. எண்களைக் கூட்டமாக நிறுத்தி, கூட்டத்தைப் பார்த்து ஒரு தடவை சொன்னால் போதும். சொல்வதும் சொல்லாக இல்லை. ஒரு வேலி, ஒரு சாய்ந்த கோடு, இரண்டு புள்ளி. கரப்பான்பூச்சி மையில் விழுந்து எழுந்து நடந்த தடம்போல ஒரு வரி. மற்றவர்கள் இரண்டு பக்கத்துக்கு எழுதுவதை அந்த ஒரு வரி செய்துவிடும். அவருக்காகவே யாரோ கண்டுபிடித்த மாதிரி.

அந்த மொழி வலமிருந்து இடமாகக் கணக்குப் போடும். மூன்றை இரண்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டு என்று நாம் நினைத்து எழுதினால், அது கடைசியிலிருந்து வந்து ஒன்பது என்று சொல்லும். கொஞ்ச நாளில் அவருடைய பேச்சும் அந்தப் பக்கத்திலிருந்தே வர ஆரம்பித்தது. "செத்துப்போச்சு," என்பார் கதவைத் திறந்ததும். நான் பதறி எழுந்து நிற்பேன். "பாம்பு," என்பார். நான் உட்காருவேன். "சமையக்கட்டுல. நேத்து. ஒரு சத்தம் கேட்டுச்சு." கதை அங்கே தொடங்கி முடிந்துவிடும்.

அந்த மொழி எப்படி வந்தது என்பதையும் அப்படித்தான் துண்டுதுண்டாகப் பொறுக்கினேன். பெட்டியில் நகலெடுத்த ஒரு புத்தகம். அதற்கு முன்னால் ஒரு பழைய மடிக்கணினி. அதற்கு முன்னால், நிவாரண முகாமில் தண்ணீர் வடிகட்டி மாட்ட வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர், போகும்போது இரண்டையும் இவரிடம் விட்டுப்போனது. அதற்கும் முன்னால் கச்சால் தீவு, ரப்பர் தோட்டம், இவர் அங்கே மரம் எண்ணுகிற கணக்குப்பிள்ளை. அதற்கும் முன்னால் இலங்கை மலையிலிருந்து வந்த கப்பலில், ஒரு தகரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்த குழந்தை. தோட்டத்தில் மரங்களை ஒவ்வொன்றாகச் சுண்ணாம்பு வைத்து எண்ணச் சொல்வார்களாம். இவர் மேட்டில் ஏறி ஒரு தடவை தலையைத் திருப்புவார். "நாப்பது நெரை, நெரைக்கு முப்பது மரம். இதுக்கு எதுக்கு தங்கச்சி சுண்ணாம்பு?"

இணையத்தில் ஒரு கணக்குப் புதிர்த் தளம் இருந்தது. வாரம் ஒரு புதிர். பரிசு கிடையாது, சான்றிதழ் கிடையாது. விடையாக ஓர் எண்ணை இட வேண்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. அவ்வளவுதான். அந்தப் பச்சைக்காக அவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் குளித்து, தலை சீவி, ஐந்து பேனாவோடு வருவார். எங்கள் இணைப்பு அப்போது வானத்தைச் சுற்றிவந்து சேர்வது. மேகம் கருத்தால் செத்துவிடும். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு தேநீர் ஆறிவிடும். அவருடைய ஒரு வரி மட்டும் அந்த ஓட்டைக் குழாய்க்குள்ளும் வழுக்கிக்கொண்டு போய்விடும்.

நான் அப்போது கவிதை எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லை வெட்டினால் மிச்சச் சொற்கள் மூச்சு விடும் என்று நம்பிய வயது. ஒருநாள் என் நோட்டை எடுத்துப் பன்னிரண்டு வரிக் கவிதை ஒன்றைப் படித்துவிட்டு, "கடேசி வரி மட்டும் போதுமே, மத்ததெல்லாம் அங்க போற வழிதானே?" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பதினோரு வரிகளை அடித்துவிட்டு அந்த ஒரு வரியை மட்டும் ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். வெளியிட்டார்கள். அதிலிருந்து எனக்கும் அந்த நோய் தொற்றிக்கொண்டது. நடந்த அத்தனைக்கும் காரணம் அந்தத் தொற்றுதான். அது தெரிவதற்கு எனக்குப் பல மாதம் பிடித்தது.

லாங் ஐலண்டில் வண்டி கிடையாது. நடந்தால் தீவு முடிந்துவிடும். படகு வாரத்தில் சில நாள். மழைக்காலத்தில் அதுவும் நம்பிக்கையின்பேரில். இவர் போன முதல் மாதமே மடிக்கணினிக்குள் பூஞ்சை பிடித்து, திரை பச்சையாகி, செத்துப்போனது. தொலைபேசி வேலை செய்த நாட்களைவிடச் செய்யாத நாட்கள் அதிகம். அவர் வேலை பார்த்த படகுத்துறை ஜெட்டியில் ஒரே ஒரு சாதனம் மட்டும் உயிரோடு இருந்தது: படகு வருகிறதா, கடல் எப்படி என்று ரங்கத்தோடு பேசுகிற வயர்லெஸ்.

தாளில் எழுதிய வரியை அவர் வயர்லெஸ்ஸில் சொல்லத் தொடங்கினார். ரங்கத் ஜெட்டியில் அதைப் பிடிக்க ராவ் என்று ஒரு தெலுங்குக்காரர் இருந்தார். எதையும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொள்கிற அருமையான மனிதர். அவர் எழுதியதை எனக்குத் தொலைபேசியில் படிப்பார். நான் தட்டச்சு செய்து, வந்த எண்ணைத் தளத்தில் இட்டு, பச்சையா சிவப்பா என்று ராவிடம் சொல்வேன். ராவ் அதை லாங் ஐலண்டுக்குச் சொல்வார். மூன்று தீவு, மூன்று பேர், ஒரு வரி.

குறிகளுக்கு அவர் பெயர் வைத்திருந்தார். கட்டம் போட்ட குறி வேலி. பெருக்கல் நட்சத்திரம். சாய்ந்த கோடு சாய்வு. நெளிந்த குறியைப் பார்த்தால் யாரும் அலை என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை எங்கள் தீவுகளில் வயர்லெஸ்ஸில் சொல்லக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பாம்பு என்று வைத்தார்.

அந்த வாரத்துப் புதிர், வாய்ப்பாடு. நாம் பள்ளியில் கத்திப் படித்த அதே வாய்ப்பாடுதான். ஓரொன்று ஒன்று, ஈரொன்று இரண்டு. அதை ஆயிரம் வரை எழுது. ஒவ்வொன்றையும் ஆயிரம் வரை பெருக்கு. பத்து லட்சம் கட்டம் வரும். பல கட்டங்களில் ஒரே எண் திரும்பத் திரும்ப விழுந்திருக்கும். திரும்ப வருவதையெல்லாம் ஒரு தடவையே எண்ணினால், மொத்தம் எத்தனை வெவ்வேறு எண்கள்? கேள்வி அவ்வளவுதான். அவருக்கு அது புதிரல்ல, அழைப்பிதழ்.

ராவ் படித்தார்: வேலி, பாம்பு, புள்ளி, கமா, நட்சத்திரம், சாய்வு, பாம்பு, ஒன்று, கூட்டல், ஐ, புள்ளி, ஆயிரம்.

நான் தட்டினேன். எண் வந்தது. தளத்தில் இட்டேன். சிவப்பு.

ராவிடம் சொன்னேன். மறுநாள் அதே வரி வேறு உடையில் வந்தது. சிவப்பு. அதற்கு மறுநாள் இன்னொன்று. சிவப்பு. அவருக்கு இதுவரை சிவப்பு வந்ததே இல்லை. பிறகு நாளுக்கு இரண்டாக, ஒரு வாரத்தில் பதினோரு வரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் வேலி, பாம்பு, நட்சத்திரம், ஆயிரம். அவர் சாப்பிடுவதில்லை, ஜெட்டியில் நின்று கடலைப் பார்த்துப் பெருக்கிக்கொண்டிருக்கிறார் என்று ராவ் வருத்தத்தோடு சொன்னார். ராவுக்கு அது ஏதோ நேர்த்திக்கடன் மந்திரம் என்ற எண்ணம். தானும் சனிக்கிழமை விரதம் இருந்து பார்த்தாராம்.

எங்கள் கடலில் பேசுகிற எதையும் யாராவது கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதை நாங்கள் மூவரும் எப்படி மறந்தோம் என்று இன்றும் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை, ஜலதோஷம் பிடித்த ஒரு விசாரணை அதிகாரி குடையோடும் தடித்த கோப்போடும் என் கடைக்கு வந்தார். கூடவே, முதல் படகில் அழைத்துவரப்பட்ட அவர். கன்னம் ஒட்டியிருந்தது. வாசலில் நின்று, கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, முழு வணக்கம் ஒன்றை எனக்கே கொடுத்தார். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

அதிகாரி போர்ட் பிளேரில் பிறந்தவர். தமிழ் புரியும், பேசுவது எங்கள் ஊர் இந்தி. கோப்பைத் திறந்தார். பதினோரு வரிகளும் குறி தவறாமல் எழுதியிருந்தன. பக்கத்தில் சிவப்பு மையில் பொருள். வேலி என்றால் கடற்படை வளாகம். பாம்பு என்றால் நீர்மூழ்கி. நட்சத்திரம் என்றால் அதிகாரி. சாய்வு என்றால் அந்த அதிகாரியைச் சாய்த்துவிட்டார்கள். ஆயிரம் என்றால் ஆட்கள். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் பொருள் எழுதாமல் மூன்று தடவை அடிக்கோடு போட்டிருந்தது.

"யே ஐ கோன் ஹை?" என்று கேட்டார். இந்த ஐ யார்?

"ஐ ஆளில்லீங்க சார். வரிசையா நிக்க வைக்கிறது."

"யாரை?"

"நம்பர."

அதிகாரி மூக்கைச் சிந்திவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

ஆனாலும் கெட்டவர் இல்லை. அவருக்கு முடித்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆவி பிடிக்க வேண்டும். ஒரு தாளை நீட்டினார். வயர்லெஸ்ஸில் விளையாட்டாக அர்த்தமில்லாத சொற்களைப் பேசினேன், வருந்துகிறேன் என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடலாம். ஜெட்டி வேலையும் அப்படியே இருக்கும். போடாவிட்டால் இன்றே இடைநீக்கம், பிறகு மேலே எழுத வேண்டியிருக்கும்.

அந்த வேலை போனால் அவருக்கு வேறு எதுவும் கிடையாது. கச்சாலில் தோட்டம் இல்லை. மெயின்லேண்டில் தெரிந்த முகம் இல்லை. போடுங்கண்ணே என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தாளை இரண்டு தடவை படித்தார். கடைசியிலிருந்து முதலுக்கு ஒரு தடவை என்று நினைக்கிறேன்.

"வருந்துறேன்னு போடுறேன் சார். வெளயாட்டுன்னும் போடுறேன். அர்த்தமில்லன்னு மட்டும் போட மாட்டேன். அதுல அர்த்தம் இருக்கு."

"இருந்தா சொல்லு. ஏக் ஏக் கர்கே போலோ."

ஒவ்வொன்றாகச் சொல்லு. நான் தலையைக் குனிந்துகொண்டேன். இன்று பார்த்தா இந்த மனிதர் முகம் சுளிக்க வேண்டும்?

அவர் சுளிக்கவில்லை.

"ஒருத்தன் ஒவ்வொண்ணா படிச்சு நான் கேட்டுட்டேன் சார். சுனாமி கேம்புல. பேரு, ஊரு, கடேசியா பாத்த எடம். மூணு நாளு படிச்சான். எங்க வீட்டுப் பேருங்க மூணாவது நாளு சாயங்காலம் வந்துச்சு. எனக்கு அதோட போதும்."

விமானம் ஒன்று இறங்கியது. நான்கு மானிட்டர்களும் நடுங்கி நின்றன. அதிகாரி கைக்குட்டையைப் பிரித்தார், மடித்தார், பிரித்தார்.

"ஆனா அதுக்கு முன்னாடியும் நான் இப்பிடித்தான்," என்றார் இவர், எங்களைத் தேற்றுகிற குரலில். "சோம்பேறித்தனம். தப்பா நெனைச்சுக்காதீங்க."

எனக்கு ஒன்று தோன்றியது. ஆயிரம் வாய்ப்பாடு வேண்டாம். பத்து வாய்ப்பாட்டைச் சரிபார்க்கலாமே. அதைக் கையாலேயே எண்ணலாம். கணினியும் எண்ணட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அந்த வரி கணக்குத்தான், நீர்மூழ்கி இல்லை. அதிகாரி யோசித்தார். தாளும் பென்சிலும் கேட்டார். பத்துக்குப் பத்துக் கட்டம் கீறி, நாக்கை ஓரத்தில் துருத்திக்கொண்டு, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று இந்தியில் முணுமுணுத்து நிரப்பினார். திரும்ப வந்ததையெல்லாம் அடித்தார். முதல் தடவை நாற்பத்தொன்று வந்தது. இரண்டாம் தடவை நாற்பத்துநான்கு. மேல்கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு மூன்றாம் தடவை எண்ணினார், நாற்பத்திரண்டு. நான்காம் தடவையும் நாற்பத்திரண்டு. தன் எண்ணுக்குக் கீழே இரட்டைக் கோடு போட்டு, கையெழுத்தும் போட்டார்.

நான் சேமித்து வைத்திருந்த வரியைத் திறந்து, ஆயிரத்தைப் பத்தாக்கி, தட்டினேன்.

முப்பத்தேழு.

மழை தொடங்கியிருந்தது. அதிகாரி மெதுவாக மேல்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம்கூட இருந்தது. கணக்குப் பொய்த்துவிட்டது. அப்படியானால் பாம்பு பாம்புதான்.

இவர் எழுந்து வந்து என் திரைக்கு முன்னால் குனிந்தார். தாடியில்லாத முகவாயைத் தடவினார்.

"இது என் வரி இல்ல."

ராவ் தப்பாக எழுதியிருப்பார் என்றேன். அதிகாரிக்கு அது ரோஷமாகிவிட்டது. ராவ் என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், எங்கள் ஆள் காதில் வைத்து எழுதினது தவறாது என்று கோப்பை என் விசைப்பலகை மேலேயே விரித்து, விரல் வைத்துப் படித்தார். வேலி, பாம்பு, புள்ளி, கமா, நட்சத்திரம், சாய்வு, பாம்பு, ஒன்று, கூட்டல், ஐ. அந்த இடத்தில் விரல் நின்றது. என் திரையில் அந்த ஒன்று இல்லை, கூட்டலும் இல்லை. பாம்புக்குப் பிறகு நேராக ஐ.

ராவ் படித்திருந்தார். எனக்குத் தெளிவாகக் கேட்டது. நான்தான் வெட்டினேன். ஆயிரம் நிற்கிற இடத்தில் ஒன்றைக் கூட்டி என்ன ஆகப்போகிறது, வரி இன்னும் மெலிந்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேன். வெட்டிய பிறகும் கணினி ஓர் எண்ணைத் தந்தது. அதனால் அது சரி என்றும் நினைத்தேன். பதினோரு வரியிலும் அதே இடத்தில் அதே வெட்டு. பதினோரு சிவப்பும் என்னுடையவை. அவர் ஜெட்டியில் சாப்பிடாமல் நின்றது, வயர்லெஸ்ஸில் திரும்பத் திரும்பச் சொன்னது, இந்தக் கோப்பு, இந்தக் குடை, எல்லாம்.

"எதுக்கு வெட்டுன?" என்று கேட்டார். கோபமில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"சுருக்கமா இருக்கட்டும்னு அண்ணே."

"அது பூஜ்யத்துலேர்ந்து எண்ணும் தங்கச்சி. ஒண்ணக் கூட்டலேன்னா முன்னாடி பூஜ்யம் வந்து நின்னுக்கும். கடேசி ஆளு வெளிய போயிருவான்."

கோப்பில் இருந்தபடியே தட்டினேன், ஆயிரத்துக்குப் பதில் பத்து. நாற்பத்திரண்டு. அதிகாரி மேசையைத் தட்டிய தட்டலில் என் தேநீர் கொட்டியது. பேரன் பிறந்த செய்தி கேட்டால்கூட அந்த அதிகாரி அப்படிச் சிரிப்பாரா என்று தெரியாது. தன் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து இரண்டு நாற்பத்திரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு, இப்போது ஆயிரம் போடு என்றார். போட்டேன். கண்ணிமைப்பதற்குள் வந்தது: 248083.

இது சரியா என்று யார் சொல்வது? அந்தத் தளம். தளத்துக்குப் போக இணைப்பு இல்லை, வானம் கருத்துக் கிடந்தது. கையெழுத்தில்லாத அந்தத் தாள் மேசையில் ஈரம் உறிஞ்சிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். அதிகாரி ஆவி பிடிக்கப் போகவில்லை. இரண்டாவது தேநீர் வாங்கிக் கொடுத்தார். பதினொன்று வாய்ப்பாட்டுக்கு எத்தனை வரும் என்று நடுவில் தானாகவே கீறத் தொடங்கியிருந்தார். மதியத்துக்குமேல் மழை சற்று ஓய்ந்தது. பக்கம் பாதி திறந்தது, நின்றது, திறந்தது. எண்ணை இட்டேன்.

பச்சை.

அவர் சட்டைப்பையிலிருந்து ஐந்து பேனாவையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, கைகளைத் தொடைமேல் போட்டு உட்கார்ந்தார். அதிகாரி அந்தத் தாளை நான்காகக் கிழித்தார். கோப்பில் எழுதினார்: செய்தி ஒரு கணக்கு. கணக்கு சரி. வேலை இருக்கும். வயர்லெஸ்ஸைத் தொடக் கூடாது, இனி எந்தப் பாம்பும் கூடாது.

ஆனால் கோப்பை மூட இன்னும் ஒரு கட்டம் நிரம்ப வேண்டும். தொடர்பில் உள்ளவர்கள். ராவ், நான். வேறு? அதிகாரி திரையைக் காட்டினார். பச்சைக்குக் கீழே, அந்தப் புதிரைச் சரியாகப் போட்டவர்களின் பட்டியல், புனைபெயரும் நாடும் கடைசியாகத் தளத்துக்கு வந்த நேரமுமாக, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. இவர்களெல்லாம் யார்?

"தெரியாது சார். யாரும் யாரையும் பாத்தது இல்ல."

அப்படியானால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான் என்றார் அதிகாரி. என் பிரிண்டர் ஈரத்தில் ஊறிச் செத்து ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் படிக்கிறேன் என்றேன். முடியாது, வாக்குமூலம் அவருடையது, அவர் வாயால்தான் வர வேண்டும். கூட்டமாக வேண்டாம். ஏக் ஏக் கர்கே.

என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. அவர் திரைக்கு அருகில் போய், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"டர்னிப்," என்றார். "ஃபின்லாந்து. கடேசியா வந்தது, இன்னிக்குக் காலைல."

அதிகாரி எழுதும்வரை காத்திருந்தார்.

"ஜீரோசாக்ஸ். பிரேசில். கடேசியா வந்தது, நேத்து."

"ஓல்ட்கெட்டில். ஊரு போடல. கடேசியா வந்தது," கொஞ்சம் நிறுத்தினார், "இப்ப. இப்ப உள்ளதான் இருக்காரு சார்."

இப்படியே ஒரு பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கம் பாதியில் அதிகாரிக்குக் கை வலித்தது. போதும் என்று சொல்லி, கடைசியில் வகையறா என்று எழுதி, கோப்பை மூடினார். ஜலதோஷத்தை நினைவுபடுத்திக்கொண்டு குடையை எடுத்து வெளியே போனார். எழுந்திருங்கண்ணே, சாப்பிடுவோம் என்றேன்.

அவர் அடுத்த பக்கத்தைத் தட்டினார். மழை இணைப்பில் பக்கம் மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாக வந்தது. வர வர, யாரும் எழுதிக்கொள்ளாத அந்த அறையில், அவர் படித்துக்கொண்டே போனார். பேரு. ஊரு. கடேசியா வந்தது.